கிளிஞ்சல்மேட்டுல கணக்கெடுத்த வல்லரசு

வல்லரசுன்னு பேரக் கேட்டா இன்னாமோ படா ஆளு வரப்போறான்னு நெனச்சுக்குவே. வர்றது ஒரு வெள்ளச் சட்ட, கழுத்துல தொங்குற அடையாள அட்ட, மூக்கு நுனிக்கு எறங்கிட்ட கண்ணாடி. அவ்ளோதான் ஆளு. விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனாண்ட சந்துல கீற என் இட்லி கடைக்கு டெய்லி காலைல நாஸ்டாவுக்கு வருவான். துன்ற வரைக்கும் பேசுவான், கை கழுவ சொல்லோ பேசுவான், கழுவிட்டு கையத் தொடைக்காம ஆட்டி ஆட்டி அதுக்கு மேலயும் பேசுவான். பக்கத்துல நின்னு துன்றவன் தட்டுல தண்ணி தெறிக்கும். அத்த ஒரு நாளும் அவன் பாத்ததில்ல.

பெரிய மனுஷங்க கதைய எயுதறதுக்கு ஊருல எவ்ளோ பேரு கீறாங்க. இவன மாரி பிசாத்து ஆளு எப்டி வளந்தான், இன்னா படிச்சான், படிச்சு யாரு பொயப்புல மண்ணப் போட்டான்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல. நான் சொல்றேன். என் பேரு வரலட்சுமி. எனக்கு அவன் மேல பொறாமையும் கெடையாது, பயமும் கெடையாது. பாத்தா கொமட்டிகினு வருது, அது ஒண்டிதான்.

அவன் அப்பாரு ஃபாக்டரில வேல பாத்தவரு. நல்ல மனுஷன். ஃபாக்டரி மூடினப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போயி, பையன் காலேஜு சேர்றதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. அம்மாக்காரி அன்புக்கரசி. ஒத்தப் புள்ளன்னு பொத்திப் பொத்தி வளத்துச்சு. பன்னண்டாங் கிளாஸ் மார்க்கு வந்தன்னிக்கு அவன் மூஞ்சியப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிச்சு தெருமொனைல கட்டுச்சு. அந்த ஃப்ளெக்ஸ் கியிஞ்சு காத்துல ஆடுற வரைக்கும் அவுக்கல. அதுலேர்ந்து பையனுக்குத் தல எறங்கவே இல்ல.

காலேஜுல எம்.ஏ. எக்னாமிக்ஸ். அங்க ஒரு வாத்தியாரு இவன் மண்டைல இன்னாமோ ஏத்தி வுட்டுகீறாரு. புள்ளிவிவரம் இல்லாத பொருளாதாரம் டீக்கடப் பேச்சுன்னு சொன்னாராம். இத்த என் கடைல நின்னுகினு, ஒரு கைல வடையப் புடிச்சிகினு, எத்தினி வாட்டி சொல்லிகீறான்.

"ஆன்ட்டி, யார் ஏழை, யாருக்கு என்ன தேவை, எந்த ஊர்ல எந்த நோய் அதிகம், இதையெல்லாம் கண்ணால பாத்துச் சொன்னா அது அபிப்பிராயம். எண்ணிச் சொன்னா அது ஆதாரம். ஆதாரத்துக்குத்தான் காசு ஒதுக்குவான்."

சட்னி ஊத்திக்கினே கேட்டுகினு இருப்பேன். அவன் சொன்னது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்லல. எண்ணாம கொள்ளாம அடிச்சு வுட்டா, எவன் சத்தமா கத்துறானோ அவனுக்குத்தான் எல்லாம் போவும். எண்ண வேண்டியதுதான். எண்ண வர்றவனுக்கு மூஞ்சில ரெண்டு கண்ணு இருந்துட்டா போதும்.

ஒரு நாளு கேட்டேன். "ஏம்பா, நீ போயி கேட்டா ஜனம் மெய்யா சொல்லுதா? பொய் சொன்னா இன்னா பண்ணுவே?"

சிரிச்சான். அவன் சிரிப்பு ஒண்ணு கீது பாரு, எதுர்ல நிக்கிறவன் கைநாட்டுன்னு தெரிஞ்சுகினு சிரிக்கிற சிரிப்பு. "நாலு பேர் ஏத்திச் சொல்வான் ஆன்ட்டி, நாலு பேர் எறக்கிச் சொல்வான். எல்லாத்தையும் கூட்டி வகுத்தா ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிடும். சராசரி பொய் சொல்லாது. அதுக்கும் மேல, ஒரு வீட்டுல சொன்னத பக்கத்து வீட்டுல கேட்டு சரிபாப்போம். தப்பிக்கவே முடியாது."

கவர்மெண்டு வேலைக்கு பரீட்ச எயுதி எயுதிப் பாத்தான். கெடைக்கல. அப்பால ஒரு ஏஜென்சில கான்ட்ராக்ட்டுக்கு சேந்தான். வூடு வூடாப் போயி கேள்வி கேக்குற வேல. கைல ஒரு டேப்லெட்டு, அதுல கேள்வியெல்லாம் வரும். எந்த சோப்பு போடுறீங்க, எந்த பேஸ்ட்டு, டிவில இன்னா பாக்குறீங்க. ஊருல கீறவன் எல்லார் வூட்டு அடுப்பங்கரையையும் கேட்டுட்டு வருவான். ஆனா டெய்லி அவனுக்கு இட்லி வெக்கிற நான் யாரு, எனக்கு யாரு கீறாங்கன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. டேப்லெட்டுல அந்தக் கேள்வி வந்தாத்தானே கேப்பான்.

எனக்கு ஒரு தம்பி கீறான். கோதண்டம். எண்ணூர் பக்கம் கிளிஞ்சல்மேட்டுல வூடு. கன்டெய்னர் யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிகினு ஜம்முனு இருந்தவன். பொண்டாட்டி செத்து, அந்தத் துக்கம் ஆர்றதுக்குள்ள இவனுக்கு ரெண்டு கிட்னியும் பூட்சு. இப்போ வாரத்துல ரெண்டு நாளு பெரியாஸ்பத்திரிக்குப் போயி டயாலிசிஸ் பண்ணிகினு வரணும். அந்த ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிச கட்டி நின்னுச்சுன்னா நின்னதுதான், பஸ்ஸு நவுராது. போவ சொல்லோ மூச்சு வாங்கும், வர சொல்லோ வாந்தி. கூட அவன் பொண்ணு ஷாலு போவும். அது வண்ணாரப்பேட்டைல ஒரு துணிக்கடைல நிக்குது. அந்த ரெண்டு நாளும் அதுக்கு சம்பளம் கட்டு. கிளிஞ்சல்மேட்டுல இவன் ஒண்டி இல்ல, டயாலிசிஸ் நாளு காலைல பஸ் ஸ்டாப்புல வந்து பாத்தா இவன மாரி பிளாஸ்திரி போட்ட கைங்க நெறய நிக்கும்.

இந்த ஊருல பெரிய கம்பெனி ஒண்ணு. பேரு வேணாம், எல்லாம் ஒரே ஜாடைதான். லாபத்துல கொஞ்சம் ஊருக்கு செலவு பண்ணணும்னு சட்டம் கீதாம். அத்தொட்டு டயாலிசிஸ் மெஷினுங்கள வாங்கி ஒரு ரூமுல வெச்சு, ஓசில பண்றதுன்னு முடிவு பண்ணிகீறாங்க. கிளிஞ்சல்மேட்டுல வெக்கிறதா, ரயில் லைனுக்கு அந்தாண்ட கீற தோப்பு நகருல வெக்கிறதா? எங்க வருமானம் கம்மி, எங்க நோயாளி ஜாஸ்தின்னு எண்ணிப் பாத்து, அங்க வெக்கணும். எந்த எடம் தேறுதோ, அந்த எடத்து ரேஷன் கார்டுக்காரங்களுக்குத்தான் ஓசி. அந்த எண்ற வேல வந்து சேந்தது நம்ம வல்லரசு கைல.

இதெல்லாம் எனக்கு அப்போ தெரியாது. மெஷினு வரப்போவுதுன்னு தெரிஞ்சா எல்லாரும் நோயாளின்னு கைய நீட்டுவான், அத்தொட்டு எதுக்கு கேக்குறோம்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு அவனுக்கு ஆர்டர். என்னாண்ட "எண்ணூர் பக்கம் ஒரு முக்கியமான சர்வே ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு கண்ணாடிய ஏத்தி வுட்டுகினான். அவ்ளோதான் சொன்னான்.

மொதல்ல தோப்பு நகருக்குப் போனான். தனியாத்தான் போனான். மத்தியான வேள, வூட்ல பொம்பளைங்க ஒண்டிதான். கழுத்துல அட்டையத் தொங்க வுட்டுகினு ஒரு ஆம்பள வந்து நின்னா எவ கதவத் தொறப்பா? பாதி வூட்ல தொறக்கல. தொறந்தவங்க, கவர்மெண்டு ஆளு, ரேஷனக் கட் பண்ணத்தான் வந்துகீறான்னு நெனச்சு, "ஒண்ணும் இல்லிங்க சாரு, கஞ்சிக்கே வயியில்ல"ன்னு அடிச்சு வுட்டுட்டாங்க. உடம்புல இல்லாத நோயெல்லாம் கீதுன்னும் இஸ்டத்துக்கு சொல்லிட்டாங்க.

கதவு தொறக்கலன்னா ஏஜென்சில காசு புடிப்பாங்களாம். ஐயா யோசன பண்ணாரு. எம்.ஏ. படிச்ச மூளையாச்சே. பொம்பளைங்க கதவத் தொறக்கணும்னா கூட ஒரு பொம்பள இருக்கணும். யாரு கீறா? அம்மா கீது. கிளிஞ்சல்மேட்டுக்கு அம்மாவ இஸ்துகினு போனான். அன்புக்கரசிதான் சொம்மா போவுமா? மாம்பயக் கலர் பட்டுப்பொடவ, தல நெறய மல்லிப்பூ, கைல ஒரு மஞ்சப்பை. பக்கத்துல அயன் பண்ண வெள்ளச் சட்டைல, கல்யாணம் ஆவாத பையன். வூட்டுக்குள்ள வந்து குந்தி, எத்தினி பேரு, யாரு சம்பாரிக்கிறா, சொந்த வூடா, வண்டி கீதா, ஃப்ரிட்ஜ் கீதா, பொண்ணு எத்தினி, இன்னா படிச்சுகீது, வூட்ல யாருக்கனா நீண்ட நாள் நோயி கீதா?

நீயே சொல்லு. எங்க ஊருல இத்த இன்னான்னு எடுத்துக்குவாங்க?

கிளிஞ்சல்மேடு பூரா பத்திகிச்சு. பொண்ணு பாக்க வந்துகீறாங்கடின்னு. மொத வூட்ல காபி. ரெண்டாவது வூட்ல முறுக்கு. அதுக்குள்ள ஃபோன் பறக்குது, அடுத்தடுத்த வூட்ல பாய் விரிச்சு வெச்சுட்டாங்க. பொண்ணு கீற வூட்டுக்காரங்க எல்லாத்தையும் ஏத்திச் சொன்னாங்க. பொண்ணு இல்லாத வூட்டுக்காரங்க அக்கா பொண்ணுக்கோ நாத்தனா பொண்ணுக்கோ ஆவும்னு ஏத்திச் சொன்னாங்க. எறக்கிச் சொல்ல ஒரு ஆளு கெடையாது. பக்கத்து வூட்ல கேட்டு சரிபாத்தானே, அங்கதான் கீது வேடிக்க. பொண்ணு கேட்டு வந்தவன் விசாரிச்சா பக்கத்து வூட்டப் பத்தி நல்லதத்தான் சொல்லணும். சண்டைல பேச்சு வார்த்த இல்லாதவ கூட அன்னிக்கு நல்லதத்தான் சொல்லுவா. நாளைக்கு அவ வூட்டுக்கு வந்து கேக்க சொல்லோ இவ சொல்லணுமே. கிளிஞ்சல்மேட்டு சட்டம் அது. எம்.ஏ. பொஸ்தகத்துல இல்ல.

எனக்கு இது எப்டி தெரிஞ்சுதுன்னா, கோதண்டம் ஃபோன் பண்ணான். "யக்கா, ஷாலுக்கு ஒரு எடம் வந்துகீது"ன்னான். அவன் கொரல அந்த மாரி கேட்டு எத்தினியோ நாளாச்சு. கடைய சாத்திட்டு ஓடினேன்.

ஒண்ணு வுடாம சொன்னான். யார்டுல இன்னும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன்னு சொல்லிகீறான். ஓவர்டைம் வேற சேத்து சம்பளம் சொல்லிகீறான். பக்கத்து வூட்டு கன்னியம்மா, காசிமேட்டுலேர்ந்து மீனு எடுத்தாந்து விக்குதே, அது தம்பி பைக்க வாசல்ல நிறுத்திகீறாங்க. டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்கு கை நரம்ப கோத்து தச்ச எடம் பொடச்சிகினு தெரியும்னு, அந்த வேக்காட்டுல முழுக்கை சட்ட மாட்டிகினு, மணிக்கட்டு பட்டனையும் போட்டு குந்திகீறான். தண்ணிய அளந்து குடிக்கிற மனுஷன், அவங்களோட சேந்து ஒரு டம்ளர் காபிய மொத்தமா குடிச்சுகீறான். நோயின்னு கேட்டப்போ, "தலவலி கூட வந்ததில்லமா"ன்னு சொன்னானாம். கன்னியம்மாவாண்ட போயி கேட்டதுக்கு, "அண்ணன் கல்லு மாரி கீறாரு"ன்னு அதுவும் சொல்லிடுச்சு.

"பையன் எப்டி கீறான்"னேன்.

"வெள்ளச் சட்ட. கண்ணாடி. டேப்லெட்டுல எல்லாத்தையும் ஏத்திகினான் யக்கா. இந்தக் காலத்துப் பசங்க எல்லாம் அதுலதான போடறாங்க."

இவன் நம்ம வல்லரசாச்சே, அவன் சர்வேதானே எடுத்துகினு கீறான். கோதண்டத்தாண்ட வாயத் தொறக்கல. ஒயுங்கா விசாரிச்சுகினு சொல்லலாம்னு வந்துட்டேன்.

மறுநாளு காலைல வந்தான். மூஞ்சில அப்டி ஒரு பூரிப்பு. "ஆன்ட்டி, கிளிஞ்சல்மேட்டுல ஒரு வீடு கூட கதவ சாத்தல. பதில் சொல்ல மறுத்தவங்க யாருமே இல்ல. சரிபாத்ததுல எல்லாம் அப்படியே பொருந்துது. இந்த மாதிரி டேட்டா யாருக்கும் கெடச்சிருக்காது." சர்வே முடிஞ்சிட்ட தெனாவட்டுல மெஷினு சேதியையும் அப்பத்தான் அவுத்து வுட்டான். அந்த எடத்துல வருமானம் நல்லா கீதாம், நோயாளி ஒருத்தர் கூட இல்லியாம், மெஷினு தோப்பு நகருக்குப் போவுதாம். திங்கக்கெயம ரிப்போர்ட்டு.

கரண்டிய வெச்சிட்டு அவனாண்ட போனேன். "இன்னாபா சொல்றே? அங்க டயாலிசிஸ் பண்ணிக்கிற ஜனம் எவ்ளோ கீது. காலைல பஸ் ஸ்டாப்புல போயி நின்னு பாரு."

"அது கதை ஆன்ட்டி. டேட்டா இல்ல." கண்ணாடிய ஏத்தினான். "நீங்க பாத்த நாலு பேர வெச்சு ஒரு ஏரியாவ முடிவு பண்ண முடியாது. இதத்தான் எங்க சார் டீக்கடப் பேச்சுன்னு சொல்வாரு."

என் கடைல நின்னுகினு, என் இட்லியத் துன்னுகினு, டீக்கடப் பேச்சுன்றான். எங்க தம்பியே கிளிஞ்சல்மேட்டுல கிட்னி பூட்டு கெடக்குறான்டா பேமானின்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள அவன் வெக்கப்பட்டுகினே, "ஆன்ட்டி, இன்னொரு விஷயம்"ன்னான். "அங்க போன எடத்துல அம்மாவுக்கு ஒரு பொண்ண ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நம்ம ஆளுங்கதான். அப்பா ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், நல்ல சம்பளம், குடும்பத்துல நோய் நொடி இல்ல. எல்லாம் சரிபாத்தாச்சு. ஷாலுன்னு பேரு. ஞாயித்துக்கெழம முறையா போறோம்."

தொறந்த வாய அப்டியே மூடினேன். இந்த மூதேவி பொண்ணு பாக்கப் போவாம கணக்கெடுக்கப் போயி, ஜனம் பொண்ணு பாக்க வந்துகீறான்னு நெனச்சு பொய் சொல்லி, அந்தப் பொய்ய இவனே நம்பிகினு இப்போ மெய்யாலுமே பொண்ணு கேட்டுகினு வரான். இவனுக்கு எம்.ஏ. குடுத்தவன் யாரோ, அவன மொதல்ல புடிச்சு ஒதைக்கணும்.

நேரா தம்பியாண்ட போனேன். எல்லாத்தையும் சொன்னேன். "டேய், அது பொண்ணு பாக்க வந்ததில்ல. மெஷினுக்கு கணக்கெடுக்க வந்தது. நீ கையத் தொறந்து காட்டினா மெஷினு தெருவுக்கே வரும்டா. பஸ்ஸு வேணாம், வாந்தி வேணாம், ஷாலுக்கு சம்பளம் கட்டாவாது. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போவல, நான் போயி சொல்றேன்."

சட்டக் கைய எறக்கி வுட்டுகினான். "ஆனா இப்போ மெய்யாலுமே கேட்டுகினு வராங்கல்ல யக்கா"ன்னான்.

"மெஷினுடா."

"மெஷினு என்ன எத்தினி நாளைக்கு ஓட்டும்? நான் பூட்டா இவளுக்கு யாரு கீறா? நீ கெயவியாயிட்டே. எவன் வருவான் நோயாளி வூட்டுக்கு?" என் கையப் புடிச்சுகினான். "நீ சொல்லக்கூடாது. ஷாலுவாண்டயும் மெஷினு சேதிய சொல்லக்கூடாது. பஸ்ஸுல போயிக்கிறேன். எம் பொண்ணு தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

பெத்தவன் அவன். உசுரும் அவனுது. நான் இன்னா பேசுறது? சத்தியம் பண்ணிட்டு வந்தேன். ஆனா சும்மா இருக்க முடியல. மறுநாளு தம்பி பேர எடுக்காம வல்லரசாண்ட சொல்லிப் பாத்தேன். நீ அம்மாவ இட்டுகினு போனதால ஜனம் பொண்ணு பாக்க வந்ததா நெனச்சு ஏத்திச் சொல்லிகீது, அம்மாவ வூட்ல வுட்டுட்டு இன்னொரு வாட்டி போயி கேளுபான்னேன். அதுக்கும் அதே சிரிப்பு. ஒரு தெருவே சேந்து ஒரே மாதிரி பொய் சொல்ல வாய்ப்பே இல்ல ஆன்ட்டின்னான். தட்டுல இருந்த சட்னிய வயிச்சு நக்கிட்டு பூட்டான்.

ஞாயித்துக்கெயம வந்தாங்க. கோதண்டம் வூடு ஒரே ரூமு. கன்னியம்மா வூட்டு பிளாஸ்டிக் சேரு, அவங்க வூட்டு ஃபேனு, வாசல்ல அதே இரவல் பைக்கு. ஷாலு ஊதாப் பொடவ கட்டிகினு செவுத்தோரமா நின்னுச்சு. அதுக்கும் பையனப் புடிச்சுத்தான் இருந்துச்சுன்னு நெனக்கிறேன். புடிச்சா தப்பா? எவ்ளோ நாளைக்குத்தான் அப்பன் கையப் புடிச்சுகினு பஸ்ஸுக்கு நிக்கும் அது. கோதண்டம் முழுக்கை சட்டைய மாட்டிகினு, வேத்து வடிஞ்சுகினு, சிரிச்சுகினே குந்திகினு இருந்தான்.

அன்புக்கரசி என்னப் பாத்துட்டு, "நீ இட்லிக்கட அம்மால்ல?"ன்னுச்சு.

"நான் பொண்ணுக்கு அத்த"ன்னேன்.

வல்லரசு கண்ணாடிய ஏத்தினான். "நீங்க சொல்லவே இல்லையே ஆன்ட்டி."

"நீ கேக்கலியேபா."

வெய்யிலு மண்டையப் பொளந்துச்சு. எளநி வெட்டி டம்ளர்ல ஊத்தி வந்தவங்களுக்குக் குடுத்தோம். "அண்ணனுக்கு இல்லையா, அவருக்கும் குடுங்க"ன்னுச்சு அன்புக்கரசி. டயாலிசிஸ்காரனுக்கு எளநி ஆவாது. குடிச்சா நெஞ்சு நின்னாலும் நிக்கும்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொல்லிகீறாரு. வேணாம்னா ஏன்னு கேப்பாங்களே. கோதண்டம் டம்ளர வாங்கி கைல வெச்சுகினான். ஷாலு கண்ணு அந்த டம்ளர வுட்டு நவுரல.

அந்த நேரம் பாத்து நம்ம ஐயாவுக்கு பேச்சு வந்துடுச்சு. மாமனாராவப் போற ஆளாண்ட பீலா வுடணுமே. "மாமா, இங்க கேட்டேனே, அது சாதாரண சர்வே இல்ல. கம்பெனில டயாலிசிஸ் சென்டர் வைக்கிறாங்க. உங்க ஏரியாவுக்குத்தான் மொதல்ல யோசிச்சாங்க. நான் எடுத்த கணக்குல இங்க ஒரு பேஷண்ட் கூட இல்ல, வருமானமும் நல்லா இருக்கு. அதனால தோப்பு நகருக்குப் போகுது. நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கறேன். தேவை இல்லாத எடத்துல மெஷின் வச்சு வீணாப் போகாம தடுக்கறதுதான் புள்ளிவிவரத்தோட வேலையே."

கோதண்டம் தலையாட்டினான். தலையாட்டிகினே டம்ளர வாயாண்ட கொண்டுகினு போனான்.

ஷாலு வந்து அந்த டம்ளரப் புடுங்கிச்சு. புடுங்கி கீய வெச்சிட்டு, வல்லரச நேரா பாத்துச்சு. "எங்கப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் இல்ல. வாரத்துல ரெண்டு நாளு நாந்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். எயுதிக்குங்க."

"ஷாலு, கம்முனு இரு"ன்னான் கோதண்டம்.

"நீ கம்முனு இருப்பா." அது அவன் கையப் புடிச்சு, மணிக்கட்டு பட்டனக் கயட்டி, சட்டைய மொயங்கைக்கு மேல சுருட்டி வுட்டுச்சு. ஊசி குத்திக் குத்திப் பொடச்ச அந்த நரம்பு, மொயங்கைலேர்ந்து கீய வரைக்கும், எல்லார் கண்ணுலயும் பட்டுச்சு. கோதண்டம் கைய மறைக்கப் பாத்தான், ஷாலு வுடல.

வாசல்ல நின்ன கன்னியம்மா உள்ள வந்துச்சு. "நாந்தான் தம்பி சொன்னேன், கல்லு மாரி கீறாருன்னு. அது பொண்ணு கேட்டு வந்தவங்களாண்ட சொல்ற பேச்சு. எங்க வூட்டுக்காரருக்கும் அதே நோயிதான். அன்னிக்கு நீங்க மெஷினுக்கு கணக்கெடுக்க வந்தீங்கன்னு சொல்லிருந்தா சொல்லிருப்போமே. இந்தத் தெருவுல எல்லாரயும் திரும்பக் கேளுங்க, இப்பவே சொல்லுவாங்க."

வல்லரசு மூஞ்சி வெளுத்துச்சு. "அன்னிக்கு சொன்னது நிஜமா, இன்னிக்கு சொல்றது நிஜமா? நான் எத நம்பறது?"ன்னான்.

கண்ணுக்கு நேரா கை. அந்தக் கையப் பாத்துகினு எத நம்பறதுன்னு கேக்குறான்.

அன்புக்கரசிக்கு அந்தக் குயப்பம் எல்லாம் இல்ல. பட்டுப்பொடவைய ஒதறிகினு எந்திரிச்சுச்சு. "நோய மறைச்சு என் புள்ள தலைல கட்டப் பாத்தீங்களா? நல்ல குடும்பம்டா இது. எந்திரிடா"ன்னுச்சு. அவன் எந்திரிச்சான். அம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சுட்டான்.

"கல்யாணம் வேணாம்"னுச்சு ஷாலு. "நான் கேக்கல. அந்தக் கணக்க ஒண்டி மாத்தி எயுதிட்டுப் போங்க. ரிப்போர்ட்டு நாளைக்குத்தானே."

அவன் பையத் தோள்ல மாட்டிகினான். டேப்லெட்டு அதுக்குள்ளதான் இருந்துச்சு. "டேட்டா லாக் பண்ணியாச்சுங்க. அதுவும் இல்லாம..." கண்ணாடிய ஏத்தினான். பாவம், அவளுக்கு ஆறுதல் சொல்றதா நெனச்சுகினு சொன்னான். "ஒரு வீட்டுக் கணக்க மாத்தறதால சராசரில ஒண்ணும் ஆயிடாது."

அதுக்கு மேல எனக்குத் தாங்கல. வாசலுக்குக் குறுக்கால போயி நின்னேன்.

"ஒரு வூடு ஒண்ணையும் மாத்தாதுல்ல? அப்போ எங்கடா எந்திரிச்சுப் போறே? குந்து. குந்தி எளநி குடி. எங்க பொண்ணக் கட்டிகினு போ."

அவன் என்னப் பாத்தான். அவங்கம்மாவப் பாத்தான். அன்புக்கரசி என்ன ஒதுக்கித் தள்ளிட்டு அவன் கையப் புடிச்சு இஸ்துகினு போச்சு. அவனும் போனான். மறுநாளு ரிப்போர்ட்டும் அப்டியேதான் போச்சு.

ஷாலு எளநிய வாசல்ல ஊத்திட்டு வந்து, அவங்கப்பன் சட்ட பட்டன ஒவ்வொண்ணா கயட்டிச்சு. வேர்வைல அந்த சட்ட முதுவோட ஒட்டிகினு இருந்துச்சு. கோதண்டம் ரெண்டு கையையும் தூக்கி, சின்னப் புள்ள மாரி காட்டிகினு குந்திகினு இருந்தான்.